பெயர் மட்டும் போதும்

2022 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆரணியில் எங்கள் வீட்டுக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒரு கட்சியின் வட்டச் செயலாளர், அவருடன் மூன்று பேர். 2016இல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் ஒருவழியாக அந்தப் பிப்ரவரி 19ஆம் தேதி நடக்க இருந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

கூடத்தில் என் கணவரிடம் அவர்கள் பேசியது சமையலறையில் எனக்குக் கேட்டது. "மேடம் நிக்கட்டும் சார். வேலையெல்லாம் நீங்க பாத்துக்கலாம். மேடத்தோட பேரு மட்டும் போதும்."

தேநீர்த் தட்டுடன் நான் வெளியே வந்ததும் வட்டச் செயலாளர் எழுந்து வணக்கம் சொன்னார். "போஸ்டர்ல முனைவர்னு போட்டா நமக்கு நல்ல மரியாதைங்க" என்றார். "ஜெயிச்சா நான் என்ன வேலை பார்க்கணும்?" என்று கேட்டேன். நால்வரும் என் கணவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதன்பின் பல நாள் இந்தக் கதையை வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாணவிகள் கைதட்டினார்கள். வேலை போய்விடுமோ என்ற பயமும் அந்த மறுப்பில் இருந்ததை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை.

கைதட்டாதவர் என் அம்மா. அன்று மூலையில் ராட்டையின் முன் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்கள் போனபின் தலை நிமிராமலே சொன்னார்: "கூப்புட்டவன் யாருன்னு பாத்த. நாற்காலி இன்னா நாற்காலின்னு பாத்தியா?"

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு பட்டுப்புடவைக்குப் பின்னால் என்னென்ன வேலை இருக்கிறது என்பது ஆரணி, தேவிகாபுரம் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். பட்டு இழையைச் சிக்கெடுக்க வேண்டும். தார் சுற்ற வேண்டும். புதுப் பாவு வந்தால் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபிறகே தறியில் உட்கார்ந்தவரின் கை ஓடும். எங்கள் வீட்டில் தறியில் உட்கார்ந்தவர் அப்பா. கூலி அவர் பெயரில் வந்தது. நெசவாளர் அட்டையும் அவர் பெயரில்தான். அப்பா இறந்தபின் நெசவாளர் ஓய்வூதியம் பற்றி விசாரிக்க அம்மாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். "நீங்க தறியில உக்காந்து நெய்திருக்கீங்களா?" என்று கேட்டார்கள். அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "தார் சுத்தினேன், பாவு சேத்தேன்" என்றார். "அது ஒத்தாசைம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாற்பது வருட உழைப்புக்கு ஒரே சொல்லில் பெயர் வைத்துவிட்டார்கள்.

2019-20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இத்தொழிலில் இருப்பவர்கள் 35 லட்சத்துக்கும் மேல். பத்தில் ஏழு பேர் பெண்கள். வடகிழக்கு மாநிலங்களில் பெண்களே தறியில் அமர்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அவர்களில் பலர் தறிக்கு வெளியே நின்றபடி வேலை செய்கிறார்கள். 1992இல் அமைக்கப்பட்ட அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையில் ஒன்றிய அரசு கலைத்தது. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா, "அப்பிடி ஒண்ணு இருந்துச்சா?" என்றார். நமக்காகப் பேசும் இடம் என்று ஒன்று இருந்ததே தெரியாமல், அது இல்லாமல் போனதையும் கேட்டுக்கொண்டார்.

நாற்காலி என்று அம்மா சொன்னபிறகுதான் எங்கள் தொகுதியின் நாடாளுமன்றக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். 2008ஆம் ஆண்டு மறுவரையறையில் உருவானது ஆரணி மக்களவைத் தொகுதி. போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செஞ்சி, மயிலம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். 2009இல் காங்கிரஸின் எம். கிருஷ்ணசாமி வென்றார். 2014இல் அதிமுகவின் வி. ஏழுமலை. 2019இல் காங்கிரஸின் எம்.கே. விஷ்ணு பிரசாத். 2024இல் திமுகவின் எம்.எஸ். தரணிவேந்தன். நான்கு தேர்தல், மூன்று கட்சி, நான்கு ஆண்கள். கட்சிக்கொடியை மாற்றிப் பார்க்க எங்கள் ஊர் தயங்கியதே இல்லை.

இந்தப் பட்டியலில் முதலாமவரும் மூன்றாமவரும் தந்தையும் மகனும். அந்தக் குடும்பத்தில் ஒரு மகளும் உண்டு, சௌமியா அன்புமணி. பசுமைத் தாயகம் அமைப்பின் வழியாகப் பல ஆண்டுகள் பொதுவெளியில் இயங்கியவர். அவர் மக்களவைக்குப் போட்டியிட்டது 2024இல், தருமபுரியில், பாமக வேட்பாளராக. தோற்றார். அதே தேர்தலில் அவருடைய சகோதரர் கடலூரில் வென்றார். மகனுக்குத் தந்தையின் தொகுதி. மகளுக்குப் புகுந்த வீட்டின் கட்சி. ஒரு குடும்பத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அரசியல் வாரிசாக வரும் வாய்ப்புள்ள பெண்ணுக்கே வழி இவ்வளவு சுற்று என்றால், தார் சுற்றுகிறவளின் மகளுக்கு எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்த்தேன்.

2024 மக்களவைக்கு 543 பேரில் 74 பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2019இல் இது 78. தமிழ்நாட்டின் 39 பேரில் ஐவர் பெண்கள்: கனிமொழி, தமிழச்சி தங்கபாண்டியன், ஜோதிமணி, சுதா, ராணி ஸ்ரீகுமார். நாம் தமிழர் கட்சி 2019இலும் 2024இலும் சரிபாதி இடங்களில் பெண்களை நிறுத்தியது; ஒருவரும் வெல்லவில்லை. வெல்லும் கட்சிகள் பெண்களை நிறுத்தத் தயங்குகின்றன.

மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்கும் மசோதா மக்களவையில் முதன்முதலில் வைக்கப்பட்டது 1996 செப்டம்பரில். அதை ஆராய்ந்த கூட்டுக்குழுவுக்குத் தலைமை தாங்கிய கீதா முகர்ஜி, அது சட்டமாவதைப் பார்க்காமலே 2000இல் இறந்தார். 2023 செப்டம்பரில்தான் 106ஆவது அரசியல் சாசனத் திருத்தமாக அது நிறைவேறியது. மக்களவையில் ஆதரவு 454, எதிர்ப்பு 2. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதன்பின் தொகுதி மறுவரையறையும் முடிந்தபிறகே நடைமுறைக்கு வரும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். சட்டம் வந்து ஏழு மாதத்தில் நடந்த தேர்தலில், அதற்குக் கைதூக்கிய கட்சிகளை மூன்றில் ஒரு பங்குப் பெண்களை நிறுத்தக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை. பெரும்பாலானவை நிறுத்தவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1985ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். ஆக, அவையில் பெண்கள் கூடினாலும், எதற்குக் கைதூக்குவது என்று முடிவெடுக்கும் அறை கட்சி அலுவலகத்தில் இருக்கிறது. நம் பெரிய கட்சிகளில் மாவட்டச் செயலாளராக இருக்கும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புதிய சட்டம் அந்த அறைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் என் மறுப்பு சரி என்றே தோன்றியது. அப்படித் தோன்றாமல் செய்தவர், நான் மறுத்த இடத்தில் நின்று வென்ற பெண். பெயர் சொல்லவில்லை. நெசவுக் குடும்பம், பத்தாம் வகுப்புப் படிப்பு. "பேரு மட்டும்" என்றுதான் அவரையும் அழைத்தார்கள். முதல் வருடம் அவர் கணவரே கவுன்சிலர்போல் வலம்வந்தார். நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

மூன்றாம் வருடம் எங்கள் தெருவில் கழிவுநீர் தேங்கியபோது புகார் சொல்லப் போனேன். ஒரு கோப்போடு தனியாக வந்தார். எந்தக் கூட்டத்தில் தீர்மானம் ஆனது, டெண்டர் எங்கே நிற்கிறது, எந்தப் பொறியாளர் கையெழுத்துப் போடவில்லை என்று வரிசையாகச் சொன்னார். நான் ஆச்சரியப்பட்டது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா டீச்சர் அப்பிடிப் பாக்கறீங்க? வெளியிலதான் அவரு பேசுவாரு. கூட்டத்துக்குள்ள அவர வுட மாட்டாங்க. உள்ள நான்தான உக்காரணும்? ஒண்ணும் புரியாமதான் உக்காந்தேன். உக்காந்து உக்காந்து கத்துக்கினேன்."

அம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அழைத்தவர்களின் எண்ணம் கேவலமானதுதான். ஆனால் அந்த நாற்காலி அவர்கள் போட்டதில்லை. 1992இன் உள்ளாட்சித் திருத்தங்களும், தமிழ்நாட்டில் அதைப் பாதியாக உயர்த்திய 2016ஆம் ஆண்டுச் சட்டமும், அவற்றுக்காகப் போராடிய பெண்களும் போட்டது. நான் அவமானத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்தேன். அவர் அவமானத்தோடு உட்கார்ந்து அதைத் தன் இடமாக்கிக்கொண்டார். மாதச் சம்பளம் வாங்குகிற எனக்கு மறுப்பது எளிதாக இருந்தது.

"சுழற்சியில வார்டு பொதுவா மாறிட்டா?" என்று கேட்டேன். "அப்போ அவருக்குத்தான் சீட்டு கேப்பாங்க" என்றார். சற்று நேரம் கழித்து, "நானும் கேப்பேன்" என்றார்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற அவ்வையின் கதையை வருடந்தோறும் பாடம் நடத்துகிறேன். அந்தத் தொண்டை நாட்டில்தான் எங்கள் ஊரும் இருக்கிறது. முன்பெல்லாம் அவையில் நின்று பேசிய பெண் என்று அவ்வையைப் புகழ்ந்துவிட்டுப் போவேன். இப்போது மாணவிகளிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். அவரை அனுப்பியவர் யார்? போன இடத்தில் அவர் பேசியது யாருடைய சொல்? அனுப்பியவர் அரசன்தான், பேச்சு அவ்வையுடையது. அன்றைய ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் சொல்கிறேன், இம்முறை பயத்தையும் சேர்த்து. கைதட்டல் வருவதில்லை. சென்ற வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "மறுபடி வந்து கூப்ட்டா என்ன மேடம் செய்வீங்க?"

தேநீர் போடப் போக மாட்டேன், கூடத்தில் உட்காருவேன் என்றேன். மாணவிகள் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க வர்ற வரைக்கும் ஏன் மேடம் காத்திருக்கணும்?" என்றாள்.