மலையிறக்கமும் ஒரு முழ ஓஸும்

திருப்பதியில் அலிபிரியைத் தாண்டி மலையேறும் கார் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் கியரில்தான் ஓடும். இன்ஜின் முக்கும், வேகமில்லாததால் ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்காது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் வேறு. பழைய காரின் ஓஸ் பற்றித் திருப்பதி மெக்கானிக்குகளுக்கு இவ்வளவு தெரிந்திருப்பதில் வியப்பில்லை.

ரேணிகுண்டா சாலைப் பக்கம் நான் போன பட்டறையில், வேலூர்க் குடும்பம் ஒன்றின் பதினைந்து வயதுக் கார் பானட்டைத் திறந்தபடி நின்றது. ஐட்லிங் ஏறி ஏறி இறங்குகிறதாம். மெக்கானிக் முதலில் பெட்ரோல் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தார். பிறகு ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து, ஃபேன் நின்ற நேரம் பார்த்து, இன்ஜினின் உறிஞ்சுவிசை ஓடும் வாக்கம் ஓஸ் ஓரமாக மெல்ல நகர்த்தினார். நேராக எழுந்த புகை டி-ஜாயின்ட் பக்கத்தில் சட்டென வளைந்து உள்ளே போனது. இன்ஜினை நிறுத்தி விரலால் அழுத்தினார். பிளாஸ்டிக் அப்பளமாய் நொறுங்கியது. வருஷக்கணக்கில் சூடேறி ஆறியதில் அதன் இளக்கமெல்லாம் போயிருந்தது.

பழைய ஓஸை அவர் இழுத்துப் பிடுங்கவில்லை. பிளேடால் நீளவாக்கில் கீறி, விரித்து எடுத்தார். முறுக்கினால் ஓஸ் மாட்டியிருக்கும் மூக்கும் சேர்ந்து உடையும். சில்லறை வேலை ஆயிரங்களில் போய் நிற்கும். புது ஓஸிலும் கவனம் வேண்டும். கூலன்டுக்கான இபிடிஎம் ரப்பர், ஆயிலோ பெட்ரோலோ பட்டால் ஊதிப்போகும். அளவு சரியாயிருக்கிறதே என்று ஒன்றின் இடத்தில் இன்னொன்றை மாட்டுகிறவர்கள்மேல் அவருக்குக் கடுங்கோபம். நியாயமான கோபம்தான்.

உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்றார் கார்க்காரர்.

“ஏறும்போது ஹீட் ஆகுமேன்னு எல்லாரும் பயப்படுறாங்க சார். இறங்குறதுக்குத்தான் பயப்படணும்” என்ற மெக்கானிக், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஓஸைக் காட்டினார். மேல்பூச்சு வெடித்து, வளைவில் மயிரிழைக் கீறல்கள். 1944-இல் திறந்த முதல் மலைப்பாதைதான் இன்று இறங்கும் பாதை. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. பிரேக்கை அழுத்த நம் காலுக்குத் துணைநிற்பது இன்ஜினின் உறிஞ்சுவிசை. அந்த ஓஸ் பிளந்தால் பெடல் கல்லாகிவிடும். பிரேக் அடியோடு போகாது. ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். வளைவில் எத்தனை பேருக்கு அது உடனே தோன்றும்?

கார்க்காரர் அதற்குமேல் பேரம் பேசவில்லை. வாக்கம் ஓஸ், பூஸ்டர் ஓஸ், கூலன்ட் ஓஸ் எல்லாம் புதிதாயின. கூலன்ட் ஊற்றி, ஏர் லாக் எடுக்கவே வெகுநேரம் பிடித்தது.

கடைசியில் கார்க்காரரையே ஸீட்டில் உட்காரச் சொன்னார். இன்ஜின் நின்றிருக்க, பிரேக்கை நாலைந்து முறை அழுத்தியதும் பெடல் இறுகியது. “அப்படியே மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க சார்.” இன்ஜின் உறுமியதும் பெடல் காலடியில் கொஞ்சம் இறங்கியது. அதன் பிறகுதான் கூலியைச் சொன்னார்.