கட்டு மாறினால் கணக்கு மாறுமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணினி அறிவியல்)

எண் பொய் சொல்லாது என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவள் நான். உண்மைதான். ஆனால் எண்ணைப் படிப்பவர் தவறாகப் படித்துவிட்டால், பொய்யைவிடப் பெரிய தீங்கு நேர்ந்துவிடுகிறது. என் தவற்றால் எங்கள் ஆய்வகம் ஒரு வாரம் மாலை வேளைகளில் பூட்டிக் கிடந்தபோதுதான் இதனை உணர்ந்தேன்.

எங்கள் துறையின் கணினி ஆய்வகத்தில் சிறு செயலி ஒன்று இயங்கி வருகிறது. மாணவர்கள் தங்கள் நிரல் பயிற்சிகளை அதில் சமர்ப்பிப்பார்கள். அதனைக் கண்காணிக்கும் பொறுப்பைப் பேராசிரியர் என்னிடம் ஒப்படைத்தார். அதற்காகப் 'புரோமீதியஸ்' என்னும் மென்பொருளை நிறுவினேன். கிரேக்கப் புராணத்தில் தேவர்களிடமிருந்து தீயைக் கவர்ந்து வந்து மனிதருக்குத் தந்தவனின் பெயர் அது. 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற நிறுவனத்தில் உருவாகத் தொடங்கிய இம்மென்பொருளை, இன்று எவரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

செயலிக்குள் ஓர் எண்ணி உண்டு. ஒரு பயிற்சி வந்து சேர்ந்தால் அதில் ஒன்று கூடும். புரோமீதியஸ் 15 விநாடிக்கு ஒருமுறை அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, நேரத்தோடு வட்டில் எழுதிக்கொள்ளும்படி அமைத்திருந்தேன்.

மாலை நான்கு மணிக்குப் பிறகு ஆய்வகத்தை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று துறையில் கேட்டார்கள். இது எளிய கணக்காயிற்றே என்று எண்ணினேன். மாலை 4 மணி எண்ணையும் மறுநாள் காலை எண்ணையும் எடுத்துக் கழித்தேன். விடை எதிர்மறையாக வந்தால் பூஜ்யம் என்று போடும்படி விரிதாளில் முன்பே எழுதி வைத்திருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளுக்கும் பூஜ்யமே வந்தது. சனிக்கிழமை அறிக்கை கொடுத்தேன். அடுத்த திங்கள் முதல் மாலை நான்கு மணிக்கே ஆய்வகத்தைப் பூட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஐந்து மாலையும் நானே அங்கு உட்கார்ந்து வேலை செய்தவள்! என் வீட்டில் கணினி கிடையாது. என்னைப் போன்ற இருபது முப்பது பேர் அங்கிருந்ததையும் கண்ணால் கண்டேன். ஆயினும், கணினி காட்டிய எண்ணைப் பார்த்ததும் என் கண்ணை நான் நம்பவில்லை. 'உட்கார்ந்திருக்கிறார்களே தவிர, சமர்ப்பிப்பதில்லை போலும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பூட்டிய வாரத்தில் என் வகுப்புத் தோழர் மூவர் பயிற்சியைச் சமர்ப்பிக்க முடியாமல் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை இழந்தனர்.

ஞாயிற்றுக்கிழமை மனம் பொறுக்காமல் அந்தத் தாளை விரித்து வைத்திருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார். அவர் தனியார் பேருந்தில் நடத்துநர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்.

"சாயங்காலம் 112. காலையில 6. எப்படிம்மா குறையும்?" என்றார்.

"ராத்திரி மெயினை ஆஃப் பண்ணிடுவாங்கப்பா. காலையில செயலி மறுபடி பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பிக்கும்."

"அப்ப கட்டு மாறியிருக்குன்னு சொல்லு. டிக்கெட் மெஷின் வர்றதுக்கு முன்னால, கையில இருக்கிற கட்டு தீர்ந்து புதுக் கட்டைப் பிரிச்சா நம்பர் சின்னதாத்தான் இருக்கும். அதுக்காகப் பழைய கட்டுல வித்ததை இன்வாய்ஸ்ல விட்டுட முடியுமா? பழைய கட்டுல கடைசி நம்பர் வரைக்கும் ஒரு கணக்கு. புதுக் கட்டுல ஒரு கணக்கு. ரெண்டையும் கூட்டணும்மா."

எனக்குச் சுரீரென்றது. செயலியின் எண்ணி நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. செயலி நின்றால் அதுவும் மறைந்து, மீண்டும் பூஜ்யத்திலிருந்து பிறக்கும். மேலே மட்டுமே ஏறக்கூடிய எண் திடீரென்று இறங்கினால், 'பயன்பாடு இல்லை' என்று பொருளன்று. 'கட்டு மாறியது' என்றே பொருள். புரோமீதியஸில் இதற்கென்றே 'இன்கிரீஸ்' என்னும் சார்பு இருக்கிறது. வரிசையாகக் குறித்த எண்களில் எங்கே இறக்கம் கண்டாலும், அதை மறுதொடக்கமாகக் கொண்டு, பழைய கூட்டலோடு புதியதைச் சேர்த்துக்கொள்ளும். இரண்டே எண்ணை எடுத்துக் கழித்த நான் அதைப் பயன்படுத்தவில்லை.

அப்போது இன்னோர் அச்சம் பிடித்துக்கொண்டது. நாம் மாற்றி அமைக்காவிட்டால், புரோமீதியஸ் பதிவுகளை 15 நாள் மட்டுமே வைத்திருக்கும். முதல் திங்களின் பதிவு அழிய ஏறக்குறைய இரண்டு நாளே இருந்தது! மறுநாள் காலை முதல் ஆளாக ஆய்வகத்துக்கு ஓடினேன். பதிவுகள் அப்படியே இருந்தன. திங்களன்று மாலை 6.30-க்கு மெயினை அணைக்குமுன் எண்ணியில் இருந்தது 149. அன்றைய மாலைச் சமர்ப்பிப்பு 37. ஐந்து மாலைக்கும் சேர்த்து 184. என் அறிக்கையிலோ பூஜ்யம்!

புதிய கணக்கோடு துறைத் தலைவர் முன் நின்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. அன்று மாலையே ஆய்வகம் திறந்தது. அந்த மூவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர்களுக்குப் போன மதிப்பெண் போனதுதான்.

இதே வழியில் வருகின்ற நண்பர்களுக்குச் சில சொல்வேன். செயலியின் எண்ணி பூஜ்யமாவதைப் பற்றிக் கவலை வேண்டா. அதன் வரலாற்றை எழுதி வைக்கும் இடம் அழியாததாக இருக்கவேண்டும். புரோமீதியஸைக் கொள்கலனில் இயக்குவோர், பதிவுகளைக் கொள்கலனுக்கு வெளியே வட்டில் வைக்கவேண்டும். இல்லையேல் கொள்கலனை நீக்கும்போது பதிவும் போய்விடும். எத்தனை நாள் வைத்திருக்கவேண்டும் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான் இப்போது 120 நாள் என்று மாற்றியிருக்கிறேன். ஏறி இறங்கும் அளவுகளை எண்ணியாகக் கொள்ளாதீர்கள். இதுவரை விற்ற டிக்கெட் வேறு. இப்போது பேருந்தில் இருக்கும் பயணிகள் வேறு. பின்னது குறைவது இயல்பே. இவ்வளவு செய்தாலும், கடைசியாகக் குறித்ததற்கும் மின்சாரம் நின்றதற்கும் இடையே வந்தவை கணக்கில் வாரா. அந்தச் சில விநாடிக் குறையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணும் கண்ணும் முரண்படும்போது எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஏன் முரண்படுகிறது என்று கேளுங்கள். அதைக் கேட்கப் பட்டம் தேவையில்லை என்பதை, பட்டம் பெறாத என் தந்தையிடம் நான் கற்றுக்கொண்டேன்.