சொட்டுகிற வால்வு

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகிற சாலையில் பொங்கலூரை நெருங்கினால் விசைத்தறிச் சத்தமும் கோழிப்பண்ணை வாசமும் மாறி மாறி வரும். நடுநடுவே, பனியன் கம்பெனிகளுக்கு அயர்ன் பண்ணிக் கொடுக்கும் தகர ஷெட்டுகள். கீசர், சோலார், மோட்டார், ஸ்டீம் பாய்லர் என எதற்குக் கூப்பிட்டாலும் போகிற ஒரு பிளம்பரோடு இந்தப் பக்கம் சுற்றினேன். "பேரெல்லாம் எதுக்குங்க, வேலையப் பத்தி எழுதுங்க" என்றார்.

முதலில் போன வீட்டில் கீசருக்கு அடியில் பெயிண்ட் டப்பா வைத்திருந்தார்கள். கால் டப்பா தண்ணீர். "வாங்கி ஒரு வருசங்கூட ஆகலீங்கண்ணா, அதுக்குள்ள ஒழுகுது" என்றார் வீட்டுக்கார அம்மா. இவர் கீசரைத் தொடவே இல்லை.

"மேல புதுசா பிரஷர் பம்பு போட்டீங்களா அம்மிணி?"

"போன மாசந்தாங்க. ஷவர்ல தண்ணியே வரலைன்னு."

"சுவிட்சுப் போட்டாத்தான சொட்டுது? ஆஃப் பண்ணுனா நின்னுருதா?"

நின்றுவிடுகிறதாம். அவருக்கு அது போதுமாக இருந்தது. தண்ணீர் சூடானால் பெருக்கும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய 400 மில்லி கூடுகிறது. முன்பெல்லாம் அந்தக் கூடுதல் தண்ணீர், வந்த குழாய் வழியாகவே மாடி டேங்குக்குத் திரும்பியிருக்கும். பம்பு போட்டவர்கள் கூடவே என்ஆர்வி ஒன்றையும் மாட்டிவிட்டார்கள். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு அது. திரும்பும் வழி அடைந்துபோனது. கீசர் லேபிளில் 8 பார் என்று போட்டிருந்தது. பம்பு தருவது 2 பாருக்குள்தான் என்றாலும், அடைபட்ட தண்ணீர் சூடேறச் சூடேற அழுத்தம் அந்த 8-ஐ நோக்கிப் போகும். அதற்குமேல் போகாமல் சேஃப்டி வால்வு திறந்து சொட்டுகிறது. கெட்டுப்போனதால் அல்ல, தன் வேலையைச் செய்வதால். பச்சைத் தண்ணீராக இருக்கும்போதும் சொட்டினால் வால்வுக்குள் மண்ணோ உப்போ உட்கார்ந்திருக்கும். வால்வை விட்டுவிட்டு டேங்கின் உடம்பிலிருந்தே கசிந்தால் கீசரைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

பிரஷர் இல்லை என்று வரும் புகாரிலும் அவர் முதலில் கேள்விதான் கேட்கிறார். பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து சுடுதண்ணீர் மட்டும் நூலாக வந்தால் அடைப்பு கீசர் பக்கம். இரண்டும் மெலிந்திருந்தால் டேங்கின் உயரத்தைப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார். டேங்க் தலைக்கு 3 மீட்டர் மேலே இருந்தால் ஷவருக்குக் கிடைப்பது 0.3 பார். அதற்கு மழை மாதிரிக் கொட்டும் பெரிய ஷவர் வாங்கி மாட்டினால் கடைக்காரர் மட்டும்தான் சந்தோஷப்படுவார்.

இந்த ஊரில் இதற்குமேல் போர் தண்ணீரின் உப்பு வேறு. வேறொரு வீட்டில் கழற்றிய ஹீட்டர் காயிலைத் தரையில் வைத்துத் திருப்புளியால் தட்டினார். வெள்ளை ஓடு சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. பக்கத்தில் மெக்னீசியம் கம்பி, அதாவது அது இருந்த இடம். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து தீர்வதற்கென்றே வைத்திருக்கும் கம்பி அது. விரல் தடிமன் இருந்திருக்க வேண்டும். நடுக்கம்பி மட்டும் மிச்சம். "இத மாத்தோணும்னு யாருக்குமே தெரியறதில்லீங்க" என்றார். கீசரோடு வரும் புத்தகத்தில் போட்டுத்தான் இருக்கிறது. அதைப் பிரித்துப் படித்த வீட்டை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் அயர்ன் ஷெட். டேபிளில் நின்ற மாஸ்டர் ஒரு டீ-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டினார். நெஞ்சுப் பக்கம் வட்ட வட்டமாகத் தண்ணி மார்க். அயர்ன் பெட்டி ஆவியோடு தண்ணீரையும் சேர்த்துத் துப்புகிறது. இந்த மாதிரி பீஸ் செக்கிங்கில் திரும்பி வந்தால் கணக்கு மாஸ்டர் தலையில்தான் விழும்.

பாய்லர் கேஜில் முள் 4 கிலோவில் நின்றது. ஆவி கிட்டத்தட்ட 150 டிகிரி என்று அர்த்தம். இவர் கேஜை நம்பவில்லை. காலையில் பாய்லர் ஆறிக் கிடக்கும்போது முள் எங்கே நிற்கும் என்று கேட்டார். ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே என்றார்கள். "அப்ப இது நாலு இல்ல, மூணுகூட இருக்காது. மொதல்ல இத மாத்துங்க" என்று சொல்லிவிட்டு, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஸ்டீம் டிராப்பில் வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டினார். குழாயில் குளிர்ந்து தேங்கும் தண்ணீரை வெளியே தள்ளி, ஆவியைப் பிடித்து வைப்பது டிராப்பின் வேலை. உள்ளே இருக்கும் தட்டு டக், டக் என்று எழுந்து உட்கார வேண்டும். சத்தமே இல்லை. லைனை மூடி ஆறவிட்டுத் திறந்தார். காசு அளவு தட்டு, துருச் சேற்றில் ஒட்டிக் கிடந்தது. கண்ணாடி மேல் வாட்டர் பேப்பரை விரித்துத் தேய்த்துத் திரும்பப் போட்டார். ஆவி விட்டதும் என்னையும் கேட்கச் சொன்னார். டக். கொஞ்ச நேரம் விட்டு, டக்.

பாய்லருக்கென்றே சட்டம் உண்டு. கல்கத்தாவில் 1863-இல் பாய்லர் வெடித்துப் பலர் செத்ததால் அடுத்த வருஷமே வங்காளத்துக்கு ஒரு சட்டம் வந்தது. 1923-இல் நாடு முழுமைக்கும் பாய்லர் சட்டம் வந்து, 2025-இல் அதன் இடத்தில் புதுச் சட்டம் உட்கார்ந்தது. சாயப்பட்டறை பாய்லருக்கு ஆய்வு உண்டு, சர்டிபிகேட் வாங்கிய ஆள் உண்டு. 25 லிட்டருக்குள் அடங்கும் சின்னப் பாய்லரும், தண்ணீரை 100 டிகிரிக்குக் கீழே காய்ச்சும் கீசரும் இந்தக் கணக்கில் வராது. அது நியாயம்தான், வீடு வீடாக எந்த அதிகாரி ஏறி இறங்குவார்? ஆனால் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருசேரக் கைவிட்டால், கீசரும் சுவரில் தொங்கும் பாய்லர்தான். அப்போது மிஞ்சியிருப்பது அந்தச் சொட்டுகிற வால்வு ஒன்றுதான்.

அதைத்தான் அடைத்து வைக்கிறார்கள். சாயங்காலம் போன வீட்டில், சொட்டுத் தொல்லை தாங்காமல் யாரோ வால்வைக் கழற்றிவிட்டு டம்மி அடித்திருந்தார்கள். டேப் சுற்றி, எம்-சீல் அப்பி, நல்ல வேலைப்பாடு. நாள் முழுக்க நிதானமாகப் பேசியவருக்கு அங்கேதான் குரல் ஏறியது. "யாருங்க இத அடிச்சது? ஒழுகறதுக்குன்னே வெச்சத அடச்சு வெச்சிருக்கீங்க." மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, டம்மியை நெம்பி எடுத்துப் புது வால்வு மாட்டினார். சூடேறியதும் முதல் சொட்டு விழுந்தது.

வீட்டுக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒழுகாம இருந்துச்சுங்க. நீங்க வந்து ஒழுக வெச்சுப்போட்டு, அதுக்குக் கூலி வேற கேக்கறீங்க."

"ட்யூப் போட்டுக் கீழ சலதாரைல விட்டர்றேன், தரை நனையாது" என்றார் பிளம்பர். "ட்யூப்புக் காசு தனிங்க."

வீட்டுக்காரர் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தார். ட்யூப்புக்கும் சேர்த்துத்தான்.