அப்பாவின் சேமநிதி

பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்த வாரம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே மகிழ்ச்சி. கலைத்துறைப் படிப்பு, நான்கு ஆண்டுகள். கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல். அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மா பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை செய்தார். எனக்குப் பின்னால் தங்கையும் படிக்க வேண்டியிருந்தது.

அந்த 8,000 வெள்ளி முழுக் கட்டணம் அன்று. முழுக் கட்டணம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். மீதியைக் கல்வி அமைச்சு ஏற்றுக்கொள்கிறது. இதுவே கல்விக் கட்டண மானியம். சிங்கப்பூர்க் குடிமக்கள் இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. வெளிநாட்டு மாணவர்கள் இதைப் பெற்றால், படிப்பு முடிந்தபின் மூன்று ஆண்டுகள் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். பணம் நம் கைக்கு வருவதில்லை. அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றி வீடுகளில் யாரும் பேசுவதில்லை. ஆனால், நாம் பெறும் மிகப் பெரிய உதவி இதுதான்.

அடுத்தது உதவிநிதி. குடும்பத்தின் மாத வருமானத்தை வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்து இதைத் தருகிறார்கள். இதையும் திருப்பித் தர வேண்டாம். உபகாரச் சம்பளத்திற்கு மிகச் சிறந்த மதிப்பெண் வேண்டும். உதவிநிதிக்குத் தேவைதான் முக்கியம். இரண்டும் ஒன்றே என்று எண்ணி விண்ணப்பிக்காமல் விட்ட தோழிகள் எனக்கு இருந்தார்கள். நான் விண்ணப்பித்தேன், கிடைத்தது. ஆனால், அது முழுக் கட்டணத்துக்கும் போதவில்லை.

மீதிக்குக் கடன்தான் வழி. அப்பா ஏற்கெனவே ஒரு முடிவோடு இருந்தார்.

“வங்கிப் பக்கம் எதற்கம்மா போக வேண்டும்? என் மத்திய சேமநிதியில் பணம் இருக்கிறது. உனக்குத் தராமல் வேறு யாருக்குத் தரப்போகிறேன்?” என்றார்.

சேமநிதிக் கல்வித் திட்டத்தின்கீழ், பெற்றோர் தம் சாதாரணக் கணக்கில் உள்ள சேமிப்பில் 40 விழுக்காடு வரை பிள்ளைகளின் கட்டணத்துக்குப் பயன்படுத்தலாம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துப் பிள்ளை அதை வட்டியுடன் திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். “அப்பாவின் பணத்துக்கு மகள் வட்டி கட்டுவதா?” என்று அம்மாவுக்குக் கோபம். நானும் முதலில் வியந்தேன். பிறகு புரிந்தது. அந்த 2.5 விழுக்காடு வட்டி வேறு யாருக்கும் போவதில்லை. அப்பாவின் கணக்குக்கே போகிறது. பணம் அங்கேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டி அது.

அம்மாதான் அடுத்த கேள்வியைக் கேட்டார். “அந்தக் கணக்கிலிருந்துதானே மாதாமாதம் வீட்டுக் கடனும் போகிறது?”

அப்பா பதில் சொல்லவில்லை. அப்போது அவருக்கு 52 வயது. வீட்டுக் கடனில் இன்னும் ஏழு ஆண்டுகள் பாக்கி.

அன்றிரவு நான் மற்றொரு வழியைப் பார்த்தேன். அது கல்விக் கட்டணக் கடன். மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை இதில் பெறலாம். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. படிப்பு முடிந்தபின் வட்டி தொடங்கும். அந்த வட்டி 2.5 விழுக்காட்டைவிட அதிகமாகவும் இருக்கலாம். நான்கு ஆண்டுக் கடன் ஏறத்தாழ 30,000 வெள்ளி என்று கணக்கு வந்தது. அந்த எண்ணைத் தாளில் எழுதியபோது என் கை சற்றுத் தயங்கியது.

வட்டியை மட்டும் பார்த்தால் அப்பா சொன்ன வழி மோசமன்று. ஆனால், எனக்கு வேலை கிடைக்கத் தாமதமானால் என்ன ஆகும்? வீட்டுத் தவணையும் அவருடைய முதுமைக்கால வருமானமும் அல்லவா குறையும்?

“அப்பா, கடன் என் பெயரில் இருக்கட்டும். நீங்கள் உத்தரவாதக் கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்றேன். நான் கட்டத் தவறினால் வங்கி அவரைத்தான் கேட்கும் என்பதையும் சொன்னேன். அவர் படிவத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, “மீதி 10 விழுக்காடு?” என்று கேட்டார்.

“உதவிநிதி இருக்கிறது. துணைப்பாடமும் சொல்லிக்கொடுப்பேன்” என்றேன். கையெழுத்திட்டார். அவருக்கு அதில் முழு மனநிறைவு இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். சம்பளம் வந்த மறுநாள் 400 வெள்ளி வங்கிக்குப் போய்விடுகிறது. சில மாதங்களில் அது உறுத்தத்தான் செய்கிறது. தங்கை அடுத்த ஆண்டு பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரப்போகிறாள். அங்கே இதே கடன் 75 விழுக்காடு வரைதான் கிடைக்கும். மீதி 25 விழுக்காட்டுக்கு அப்பா மறுபடியும் சேமநிதியைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். வீட்டுக் கடன் கட்டி முடியும் வரை அதைத் தொடக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உதவிநிதிப் படிவத்தை எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமை நாங்கள் நால்வரும் உட்காரப்போகிறோம்.