செட்டியாரின் நிறம்

எங்கள் அப்பத்தாவின் கொலுச் செட்டியாரை நான்தான் கெடுத்தேன். கன்னத்திலும் தொந்தியிலும் பெயிண்ட் உரிந்திருந்தது. மகளின் வண்ணப் பெட்டியில் எல்லோரும் ‘ஸ்கின் கலர்’ என்று சொல்கிற அந்த வெளிர் ரோஸ் இருந்தது. எடுத்துப் பூசினேன். செட்டியார் தோலுரித்த கோழி மாதிரி ஆனார். சரி, நிறத்தைக் கொஞ்சம் குறைப்போம் என்று கறுப்பைக் கலந்து மேலே இன்னொரு பூச்சு போட்டேன். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி சாம்பல் பூத்துவிட்டார். சுண்டலுக்கு வந்த பிள்ளைகள் அவரைப் பார்த்துத்தான் சிரித்தன. கொலு இறக்கிய மறுவாரம் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு விளாச்சேரிக்கு பஸ் ஏறினேன்.

விளாச்சேரி மதுரையில் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர். வேளார் குடும்பங்கள் தலைமுறைகளாக மண் பிசையும் இடம். சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில். நான் போனது ஐப்பசி மழையில். தெருத் திண்ணைகளில் விற்காமல் மிஞ்சிய தசாவதாரமும், இன்னும் நிறம் ஏறாத ஆட்டுக்குட்டிகளும், மண்டியிட்ட சூசையப்பர்களும் ஒரே தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கியிருந்தார்கள்.

நான் தேடிப் போன வீட்டில் பெயிண்ட் வேலை அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாவுடையது. அச்சில் மண் அப்புவது, இரண்டு பாதியை ஒட்டுவது, காயவைத்துச் சூளையில் அடுக்குவது எல்லாம் மகன் பார்த்துக்கொள்கிறார். துண்டைப் பிரித்ததும் அந்த அம்மா செட்டியாரைக் கையில் வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார்.

“கறுப்பு ஊத்தினீங்களா தம்பி?”

ஆமாம் என்றேன்.

“கறுப்பு ஊத்துனா உசுரு போயிரும். ஆளக் கறுப்பாக்கணும்னா காவிதான் போடணும்.”

அன்று நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. மீதியைச் செய்து காட்டினார். ஒரு சிரட்டையில் வெள்ளை, அதில் மஞ்சக் காவி, செங்காவி ஒரு பொட்டு. குழைத்ததும் வந்தது பளிச்சென்ற ஒரு பிஸ்கட் நிறம். பிரஷ் முனையில் தொட்டும் தொடாமலும் நீலத்தை எடுத்து அதில் கரைத்தார். பளபளப்பு சட்டென்று அடங்கி, சிரட்டைக்குள் ஒரு மனிதத் தோல் கிடந்தது. நீலம் எதற்கு என்று கேட்டேன். தன் முன்னங்கையைத் திருப்பிக் காட்டினார். புறங்கையில் வெயில், உள்ளங்கையில் சிவப்பு, மணிக்கட்டில் பச்சை நரம்பு. “ஒரு ஆளு மேலயே இத்தன இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே டப்பாவா?”

அப்போதும் பொம்மையில் வைக்கவில்லை. உடைந்த ஓட்டுச் சில்லில் தடவி, தொங்கிக்கொண்டிருந்த குண்டு பல்புக்குப் பக்கத்தில் பிடித்தார். ஈரத்தில் பார்க்கும் நிறம் பொய்யாம். காய்ந்தால் ஒரு பெயிண்ட் வெளிறும், ஒன்று கருக்கும். மழை நாளில் வெயிலுக்குப் பதில் பல்பு. சில்லு காயும்வரை அவர் ஒரு வெற்றிலை போட்டார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செட்டியார் மாதிரி வெற்றுடம்பு பொம்மைதான் கஷ்டம் என்றார். பட்டுக் கட்டிய மீனாட்சிக்கு முகமும் கையும் போதும். இவருக்குத் தோளில் வெயில் பட்ட கருமை வேண்டும், தொந்தி ஒரு மாற்று வெளுப்பு. காது மடலும் மூக்கு நுனியும் சிவப்பு ஏறணும். நெற்றியில் மஞ்சள் தூக்கல். தாடையில் மட்டும் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிழல். அது எதற்கு? “காலைல செரைச்ச மொகம் சாயங்காலம் எப்படி இருக்கும்? அதுதான்.” இத்தாலியப் பழைய ஓவியர்கள் முகத்துக்கு அடியில் முதலில் பச்சை பூசிக்கொள்வார்கள். மேல்பூச்சு தேய்ந்துபோன சில மாதா படங்கள் இன்று பச்சை முகத்தோடே இருக்கின்றன. அவர்கள் அடியில் வைத்ததை இவர் மேலே வைக்கிறார்.

இவ்வளவு தெரிந்தவர் வீட்டு அலமாரியில் அத்தனை பொம்மையும் ஏன் ரோஸ் நிறம்? கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் கூசவில்லை. ஒரு வருஷம் மாநிறத்தில் ஒரு கல்யாண செட் போட்டாராம். பெண்ணும் மாப்பிள்ளையும் நாதஸ்வரக்காரரும் நம் தெருவில் பார்க்கிற நிறம். கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அது இன்னும் பரணில் இருக்கிறது. இப்போது கம்ப்ரசர் வைத்து ஒரே ரோஸை வரிசையாக அடித்து, கண்ணும் புருவமும் உதடும் மட்டும் கையால் எழுதுகிறார்கள். சாமிக்கு நிறம் பார்க்க காலண்டர்தான் மாதிரி. கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான முருகனின் ரோஜாக் கன்னத்தை நம் கண் எத்தனை வருஷமாகப் பார்த்துப் பழகியிருக்கிறது! அந்தப் படங்களை எனக்கும் பிடிக்கும். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கறுப்பு என்று பாடப்பட்ட கண்ணனுக்கு ஆகாய நீலம், கறுப்பான மனிதனுக்கு ரோஸ். கறுப்பைக் கறுப்பாக விடுவதில்லை என்பதில் மட்டும் நமக்கு உறுதி அதிகம்.

விதிவிலக்கு ஒரே ஒருவர், பல்தசார். குடிலுக்கு வரும் மூன்று ராஜாக்களில் ஒருவரைக் கறுப்பராகக் காட்டுவது ஐரோப்பியச் சிற்பிகளும் ஓவியர்களும் பல நூற்றாண்டுகளாகக் கைக்கொள்ளும் வழக்கம். அது பாதிரிமார் வழியாக இங்கேயும் வந்துவிட்டது. அவரை மட்டும் யாரும் வெளுக்கச் சொல்வதில்லை. பல வீடுகளில் அவருக்கு டப்பாக் கறுப்பு நேராக ஏறும். கண் வெள்ளையும் கிரீடமும் தவிர ஒன்றும் தெரியாது. இந்த அம்மா செங்காவியில் நீலம் விட்டுக் கருக்கி, கன்னத்து மேட்டில் கொஞ்சம் செம்மை தீற்றுகிறார். வரிசையில் மற்ற இருவரும் பொம்மைகள். பல்தசார் மட்டும் இப்போதுதான் ஒட்டகத்திலிருந்து இறங்கிய ஆள்.

பிறகு செட்டியாருக்கு வந்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க, என் சாம்பல் கரைந்தது, ரோஸ் கரைந்தது, அதற்குக் கீழே பழைய பெயிண்ட், அதற்கும் கீழே அடிப்பூச்சு வெள்ளை. தொந்தியில் அதுவும் போனதும் சுட்ட மண் தெரிந்தது. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு மணி நேரமாகச் சிரட்டையில் குழைத்துக் குழைத்து அவர் கொண்டுவந்த நிறம் அங்கே ஏற்கெனவே இருந்தது. சூளைச் சூட்டில் மண் எடுத்துக்கொண்ட நிறம். அதன்மேல் வெள்ளையடித்து மறைத்துவிட்டுத்தான் மனித நிறத்தைத் தேட ஆரம்பிக்கிறோம். அம்மாவிடம் சொன்னேன். “பெயிண்ட் இல்லேன்னா பூந்தொட்டிம்பாக” என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

முடிந்தபோது விளக்கு வைக்கும் நேரம். தாடையில் மாலைநேரத்து முள் நிழல், காதோரம் சிவப்பு, நெற்றியில் புதிதாக மூன்று கோடு. அப்பத்தா காலத்தில் இப்படி இருந்தாரா என்பது வேறு. கடையைக் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பப்போகிறவர் மாதிரி இருந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுக்கும்போது அந்த அம்மா சொன்னார்:

“தொந்தியில ஒரு ரூவாக் காசு அகலத்துக்குப் பெயிண்டே வைக்கல தம்பி. மண்ண அப்படியே விட்டு வார்னிஷ் அடிச்சிருக்கேன். எங்கன்னு கண்டுபிடிங்க பாப்போம்.”

பெரியார் பஸ் நிலையம் வரும்வரை மடியில் வைத்துத் தேடினேன். பக்கத்து சீட்டுக்காரரும் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினார்.