48 நிமிடம்

வாப்பாவும் மகனுமாக வெள்ளி இரவுகளில் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறோம் என்று எங்கள் வீட்டில் நீண்ட நாளாக ஒரு முறைப்பாடு. அதற்கான விளக்கம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். முடிவில் ஊரிலுள்ள கடை முதலாளிமாரிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கும் வந்தபோது மகன் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பெயர் பஸர்பீட்டர். கூடைப்பந்தாட்டம்தான். ஆனால் இதில் நாம் ஓடுவதும் இல்லை, பந்து எறிவதும் இல்லை. ஓர் அணியின் முகாமையாளராக இருக்கிறோம். யாரை எடுப்பது, யாரை விற்பது, யாரை எந்த இடத்தில் ஆடவைப்பது, இந்த வாரம் எந்தத் திறமைக்குப் பயிற்சி கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் வேலை. ஒரு சீசன் முடிய 14 வாரம் எடுக்கும். அவசரக்காரருக்குச் சரிவராது. வீட்டில் அடைபட்டுக் கிடந்த எங்களுக்கு நன்றாகச் சரிவந்தது.

சீசன் முடிவில் 18, 19 வயதுப் பையன்கள் புதிதாக அணிக்கு வருவார்கள். எங்களுக்கும் ஒரு நெட்டையன் கிடைத்தான். மகன் வைத்த பெயரே அதுதான். அவனுக்குப் பயிற்சி கொடுத்துப் பெரிய ஆளாக்குவோம் என்று கனவு கண்டோம். ஆனால் போட்டி என்று வந்தால் வெல்ல வேண்டுமே! அனுபவமுள்ளவர்களை இறக்கிவிட்டு நெட்டையனைப் பெஞ்சில் இருத்தினோம். ஒவ்வொரு வாரமும் பயிற்சி முடிவைத் திறந்து பார்த்தோம். ஐந்து வாரமாகியும் அவன் அசையவே இல்லை.

விதிகளை முழுதாக வாசித்தவர் மகன்தான்.

"வாப்பா, பெஞ்சில இரிக்கிறவனுக்கு பயிற்சியே இல்லையாம்!"

விடயம் இதுதான். இந்த விளையாட்டில் பயிற்சி என்பது தனியாக நடப்பதில்லை. அந்த வாரம் களத்தில் நின்ற நிமிடங்களுக்கு ஏற்பத்தான் ஒருவனுக்குப் பயிற்சி கிடைக்கும். முழுப் பயிற்சியும் கிடைக்க 48 நிமிடம் ஆட வேண்டும், அதாவது ஒரு முழுப் போட்டி. அதுவும் பயிற்சிக்குரிய இடத்திலேயே ஆட வேண்டும். நெட்டையன் பந்தைக் கொண்டுசெல்லப் பழக வேண்டுமென்றால், கூடைக்குக் கீழே நிற்க வேண்டிய அவனைப் பந்து கொண்டுவரும் கார்ட் இடத்தில் நிறுத்த வேண்டும். அவனுக்கு அது தெரியாது. பந்தைப் பறிகொடுப்பான். அணி தோற்கும். தோற்றால்தான் பழகுவான்.

தோற்றோம். தொடர்ந்து நாலு போட்டி. எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை, மகன் மட்டும் அசையவில்லை. "இறக்காம எப்பிடி வாப்பா அவன் பழகுவான்?" என்றார்.

இன்னும் இரண்டு விடயம் படித்தோம். ஒன்று, முன்னேற்றம் உடனே தெரியாது. திறமைகள் சொற்களில் காட்டப்படும். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு ஏறச் சில வாரம் பிடிக்கும். அதுவரை திரையில் ஒரு மாற்றமும் இராது, ஆனால் உள்ளே ஏறிக்கொண்டுதான் இருக்கும். மற்றது, ஆசைப்பட்டு ஒருவனையே வாரத்தில் மூன்று போட்டியும் முழுதாக ஆடவைத்தால் பயிற்சி கூடாது, அவனுடைய ஆட்டநிலைதான் விழும். சுபஹுக்கு முன் ஒரு ரியூஷன், இஷாவுக்குப் பின் ஒரு ரியூஷன் என்று பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசிக்கலாம்.

இனி வகுப்பறைக்கு வருகிறோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஓ.எல். வகுப்பில் 34 பிள்ளைகள். கணிதம் படிப்பிக்கும் நாங்கள் இரண்டு பேரும் இருந்து பேசி, நல்ல பெறுபேறு எடுக்கக்கூடிய 11 பேரைப் பின்னேர வகுப்புக்குத் தெரிவு செய்தோம். மற்றவர்களிடம் கடந்தகால வினாத்தாள்களைக் கொடுத்து, செய்து பாருங்கள் என்றோம். கூட்டங்களில் சித்தி வீதம் கேட்பார்கள், ஏ எத்தனை என்று கேட்பார்கள். வெல்ல வேண்டுமே! பட்டியல் போட்ட அன்று ஒரு மாணவன் வாசலில் வந்து நின்றான்.

"சேர், நானும் வரட்டா?"

"முதல்ல வகுப்பில நடக்கிறதப் படி மகன், பிறகு பார்ப்போம்" என்றோம். ஏசவில்லை. அன்பாகத்தான் சொன்னோம். பிறகு பார்க்கவும் இல்லை. அடுத்த மாதம் அவன் பாடசாலைக்கு வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

அண்மையில் பைப் வாங்க வாப்பாவும் மகனுமாக ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனோம். ஸலாம் சொல்லிக்கொண்டு முன்னால் வந்தது அதே மாணவன். தாடி முளைத்திருந்தது. மூன்றே கால் அடித் துண்டுகள் வேண்டும், 20 அடிப் பைப் ஒன்றில் எத்தனை வெட்டலாம் என்று கேட்டு வாய் மூடவில்லை. "ஆறு துண்டு சேர், அரை அடி மிஞ்சும்" என்றான். கல்குலேட்டர் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு பில்லைப் போட்டு, கழிவையும் மனதிலேயே கழித்துச் சொன்னான். எங்களைக் கண்ட சந்தோசம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வரும் வழியில் மகன் கேட்டார்: "வாப்பா, இந்த நானாவ பெஞ்சிலயா வெச்சிருந்தீங்க?"

வீடு வரும்வரை எங்களுக்குள் பேச்சில்லை.

விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் எதிரே அவன் எதுவரை வளரலாம் என்று ஒரு சொல் எழுதியிருக்கும். ஆகக் கீழே உள்ள சொல் 'அறிவிப்பாளர்'. அதாவது, இவர் ஆடுவதைவிட மைக் பிடிப்பதே நல்லது என்று பகிடி. அப்படிப்பட்டவனுக்குப் பயிற்சி கொடுத்தால் ஓர் எல்லைக்குப் பிறகு வீண்தான். விளையாட்டில் அது நியாயம், ஏனென்றால் அங்கே அந்தச் சொல் உண்மை. நமது பிள்ளைகளின் வரவு இடாப்பில் அப்படி ஒரு நிரல் இல்லை. பேனையை எடுத்து நாங்களாகவே ஒன்றைக் கீறி, 23 பிள்ளைகளுக்கு எதிரே ஏதோ ஒரு சொல்லை எழுதிவிட்டோம்.

விளையாட்டை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவரவும் முடியாது. நெட்டையன் நன்றாக வளர்ந்தான், சம்பளமும் ஏறியது, கட்டுப்படியாகாமல் ஒரு நாள் அவனை விற்றுவிட்டோம். பிள்ளைகள் அப்படி அல்ல. பத்தாம் ஆண்டில் கைவிட்ட பிள்ளை நாளைக்கும் இதே ஊரில்தான் எங்கள் கண்முன் நிற்கும்.

இந்தத் தவணை ஒரு சின்ன மாற்றம் செய்திருக்கிறோம. ஒரு கொப்பியில் எல்லாப் பெயரையும் எழுதி, கரும்பலகைக்கு வந்து கணக்குச் செய்த பிள்ளைக்கு எதிரே அடையாளம் போடுகிறோம். வாரம் முடியும்போது ஒரு பெயரும் வெறுமையாக இருக்கக் கூடாது. முதல் வாரத்தில் தெரிந்த உண்மை: கேள்வி கேட்கும்போது எங்கள் கண் தானாகவே முன்வரிசைக்குத்தான் போகிறது. இதனால் பாடத்திட்டத்தில் இரண்டு அலகு பிந்தி நிற்கிறோம். அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்வோம்.

அந்த மாணவனிடமும் போய்ப் பேசினோம். வெளிவாரியாக ஓ.எல். எழுது, ஞாயிறு காலையில் வீட்டுக்கு வா, கணிதம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். "கடையில கேட்டுப் பாக்கிறன் சேர்" என்றான். இரண்டு ஞாயிறு போய்விட்டது. இன்னும் வரவில்லை. அவனைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை.

ஆகவே முதலாளிமாரிடம் கோரிக்கை இதுதான். உங்கள் கடையிலும் இப்படிப் பாதியில் நின்ற ஒரு பிள்ளை இருக்கும். ஞாயிறு காலையில் அவரை இரண்டு மணித்தியாலம் விட்டுத் தாருங்கள். சம்பளத்தில் வெட்டாமல் தாருங்கள். காசு தேவையில்லை, மேசையும் கதிரையும் எங்களிடம் இருக்கிறது. பிள்ளையை மட்டும் அனுப்பிவையுங்கள்.