தம்பியின் இரும்பு வண்டி

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வருகின்றவரின் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ஓட்டை வாளியையும் உடைந்த கரண்டியையும் தூக்கிக்கொண்டு ஓடி, காகிதப் பொட்டலத்தில் பழத்தை வாங்கித் தின்ற நாட்கள் அவை. அந்தப் பழைய இரும்பு ஒரு நாள் என் வீட்டுக்குள்ளேயே வந்து அமரும் என்றோ, மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நான் தகட்டின் கனத்தையும் அச்சின் வலுவையும் பற்றிக் கவலைப்படுவேன் என்றோ அன்று யார் எண்ணியிருப்பார்?

என் தம்பி பதினான்கு ஆண்டுகள் தம்மாமில் கனரக வண்டி ஓட்டியவன். 2020இல் கொரோனாவின்போது வேலை இழந்து ஊர் திரும்பினான். மீண்டும் செல்ல விசா அமையவில்லை. ஓராண்டு வரை மூன்று சக்கர மிதிவண்டியில் தெருத் தெருவாகச் சென்று பழைய இரும்பு எடுத்தான். உறவினர் சிலருக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றியது. "சவூதியிலிருந்து வந்தவன் காயலான் கடை வைக்கிறானாம்" என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். அந்தச் சொல்லே காயல்பட்டினத்து மக்களின் வணிகத்தால் வந்தது என்பார்கள். அப்படியானால் அது நம்மவரின் உழைப்புக்குக் கிடைத்த பெயர் அல்லவா! வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்கு இதைச் சொல்லத் தெரிந்தது; சபையில் சொல்லத்தான் துணிவு வரவில்லை.

மிதிவண்டியில் இருநூறு கிலோவுக்கு மேல் ஏற்ற முடியாது. எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் கிடைக்கும் இரும்போ கனமானது. மீன்பிடிப் படகுகளின் கழித்த எஞ்சின்கள், நங்கூரங்கள், இடித்த வீடுகளின் கம்பிகள் என்று டன் கணக்கில் இருக்கும். தம்பியின் மாமனாரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. மானாவாரிப் பூமியில் ஐப்பசி, கார்த்திகை உழவு முடிந்தால் பிறகு அது கொட்டகையில்தான் நிற்கும். "காக்கா, ஒரு பழைய டிரெய்லர் மட்டும் கிடைத்தால் போதும்" என்றான் தம்பி. அவனிடம் முப்பதாயிரம் இருந்தது. என் மகளுக்கென்று சேர்த்து வைத்ததிலிருந்து நாற்பதாயிரம் எடுத்துக் கொடுத்தேன்.

2022இல் முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் வண்டியைப் பார்த்தோம். பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி உயரம், ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். மிளகாய் மூட்டையும் சீமைக்கருவேல் விறகும் சுமந்த வண்டி. புதிதாக நீலச் சாயம் பூசியிருந்தார்கள். எனக்கு அந்த நீலம் பிடித்துவிட்டது. தம்பியோ சாயத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தான். சட்டத்தை ஓரிடம் விடாமல் தட்டினான். நல்ல இரும்பு கணீரென்று ஒலித்தது. டிராக்டரோடு இணையும் கழுத்துப் பகுதியில் ஓரிடத்தில் மட்டும் ஓசை அடைத்தாற்போல் வந்தது. சாயத்தைச் சுரண்டியபோது நான்கு விரற்கடை நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. பிறகு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஒரு பக்கம் பேரிங் தேய்ந்திருந்தது. இவ்வளவையும் சொல்லிப் பேசி ஐம்பத்தெட்டாயிரத்துக்கு முடித்தோம்.

விரிசலை ஒட்டவைத்து மேலே ஒரு பட்டை வைத்துப் பற்றவைக்க, பேரிங் மாற்ற, சுமாரான இரண்டு டயர் வாங்க என்று பதினோராயிரத்து ஐந்நூறு போயிற்று. மிச்சம் ஐந்நூறு ரூபாய்.

இங்குதான் என் தவற்றைச் சொல்ல வேண்டும். அந்த வண்டிக்குப் பின்கதவு இல்லை. நீண்ட விறகு வெளியே நீட்டிக்கொண்டு கிடக்க வசதியாக அந்த விவசாயி அதைக் கழற்றிவிட்டிருந்தார். பட்டறைக்காரர் புதிய கதவுக்கு ஆறாயிரத்து ஐந்நூறு கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். "ஓடட்டும், வருமானம் வரட்டும், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். பணம் கொடுத்தவனின் சொல் என்பதால் அவன் மறுக்கவில்லை.

அடுத்த மாதம் வரவில்லை. இருபதாம் நாளே அது நடந்தது. இடித்த வீட்டின் கம்பிகளை ஏற்றிக்கொண்டு தம்பி எங்கள் தெரு வழியே வந்தான். கம்பிகள் பின்புறம் மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தன. நுனியில் ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருந்தான். அது மதரஸா விடும் நேரம். முனையில் வண்டி இடப்புறம் திரும்பியது. வண்டி இடப்பக்கம் திரும்பும்போது, அச்சுக்குப் பின்னால் நீண்டிருப்பது எதுவோ அது வலப்பக்கம் வீசும். நீண்டிருக்கும் நீளம் கூடக் கூட வீச்சும் கூடும். இன்று இதை எனக்குத் தாளில் வரைந்து காட்டத் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம், எதிர்ச் சுவரோரம் ஒதுங்கி நின்ற ஒன்பது வயதுச் சிறுமியின் அலறல் ஒன்றுதான். என்னிடம் அரை மணி நேரத்துக்கு முன்புதான் பாடம் ஒப்பித்துவிட்டுப் போன பிள்ளை. கம்பியின் நுனி தோளைக் கிழித்திருந்தது. அரசு மருத்துவமனையில் ஆறு தையல் போட்டார்கள். நான்கு விரல் மேலே பட்டிருந்தால் கழுத்து. அல்லாஹ் காப்பாற்றினான்.

அன்றிரவு தம்பி சாப்பிடவில்லை. "வண்டியை விற்றுவிடுகிறேன் காக்கா" என்றான். கதவு வேண்டாம் என்று சொன்னது நான் என்பதை அவன் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும்.

மறுநாள் இருவரும் சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். அவள் தந்தை படகுத் தொழிலாளி. நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கதவை ஒத்திப்போட்டது என் யோசனை என்பதையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். மருத்துவச் செலவை வாங்கிக்கொண்டார். பிறகு, "ஹஜ்ரத், அந்த வண்டி இப்படியே இந்தத் தெருவுக்குள் வரக்கூடாது. அவ்வளவுதான் நான் சொல்வேன்" என்றார். வண்டியே வரக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. திரும்பி நடக்கையில் தம்பியும் நானும் அந்த 'இப்படியே' என்ற சொல்லைத்தான் பற்றிக்கொண்டு நடந்தோம்.

விசாரிக்க வேண்டியதையெல்லாம் அதன் பிறகே விசாரித்தோம். சுமை பின்புறம் ஒரு மீட்டர் வரை நீளலாம் என்று முன்பு இருந்த விதியை 2014லேயே மைய அரசு நீக்கிவிட்டது. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று நாங்கள் நினைத்திருந்தது எட்டாண்டுப் பழைய நினைப்பு. டிரெய்லருக்கும் தனிப் பதிவெண் உண்டு. உழவுக்கென்று பதிந்த வண்டியில் வணிகச் சுமை ஏற்றுவதானால் அதற்குரிய பதிவும் உரிமமும் வேண்டும். விவசாயக் காப்பீட்டை வைத்துக்கொண்டு இரும்பு ஏற்றினால், விபத்தின்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியின் அமைப்பை நம் விருப்பப்படி மாற்றவும் கூடாது. ஆகவே நீளம், அகலம், அச்சு எதையும் தொடாமல் உள்ளே மட்டும் வலுப்படுத்துவது என்று முடிவு செய்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடங்கினோம். தாள் வேலைக்கே இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதமும் வெள்ளிக்கிழமைதோறும் நான் பட்டறையில் இருந்தேன். பட்டறைக்காரருக்கு முதலில் வேடிக்கை. பிறகு எனக்கும் ஒரு பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். தரைத்தகடு தேய்ந்து சல்லடையாகியிருந்தது. முழுதும் ஆறு மில்லிமீட்டர்த் தகடு போடலாமே என்றேன் நான். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு சதுர மீட்டர் இரும்பு ஏறத்தாழ 7.85 கிலோ இருக்கும். அந்தக் கணக்கில் பத்துக்கு ஆறடித் தரைக்கு ஆறு மில்லிமீட்டர் போட்டால் சுமார் 262 கிலோ. ஒவ்வொரு நடையிலும் அத்தனை கிலோ வருமானத்தைத் தரைக்கே கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றார் அவர். முடிவில் முழுதும் மூன்று மில்லிமீட்டர்த் தகடு போட்டு, எஞ்சின் போன்ற கனப்பொருள் விழும் நான்கடிக்கு மட்டும் ஆறு மில்லிமீட்டர் போட்டோம். மூலைகளில் சிறு துளைகள் விட்டோம். மழைநீர் தேங்கினால் எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே 2022 டிசம்பரோடு ஓய்வெடுக்க வைத்த காற்று அல்லவா இது!

பக்கச் சுவரை உயர்த்தும் ஆசை தம்பிக்கு இருந்தது. பட்டறைக்காரர் அவனை உட்கார வைத்துக் கணக்குச் சொன்னார். இரண்டடி உயரப் பெட்டியின் கொள்ளளவு 120 கனஅடி. அதில் இடைவெளி இல்லாமல் இரும்பை நிறைத்தால் இருபத்தாறு டன்னைத் தாண்டும். அச்சு தாங்குவதோ அதில் ஒரு சிறு பங்கு. தகரமும் டப்பாவும் ஏற்றினால் பெட்டி நிறைந்தும் பாரம் இராது; எஞ்சின் ஏற்றினால் தரை மறைவதற்குள் பாரம் முடிந்துவிடும். "பெட்டி நிறைந்ததா என்று பார்க்காதே தம்பி, பட்டையும் டயரும் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்" என்றார். சுவர் உயரவில்லை. மேலே தூக்கி மாட்டும் கம்பி வலை ஒன்று மட்டும் செய்தோம். தகரம் காற்றில் பறக்காமல் இருக்க அது போதும்.

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் ஒரு கல்விதான். எல்லாவற்றையும் பின்னால் போட்டால் டிரெய்லரின் பின்புறம் தாழ்ந்து, கொக்கியை மேலே தூக்கும். ஓட்டத்தில் வால் ஆடும். எல்லாவற்றையும் முன்னால் போட்டால் டிராக்டரின் பின்புறம் அழுந்தி, முன்சக்கரம் தரையைப் பிடிக்காது, திருப்பினாலும் திரும்பாது. அச்சுக்கு மேல், சற்றே முன் தள்ளி வைக்கவேண்டும். கனப்பொருள் நகராதிருக்க அங்கே குறுக்காக ஒரு சேனல் பற்றவைத்தோம். சங்கிலி கட்ட எட்டு வளையங்கள் வைத்தோம். பழைய எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் சாலையில் சொட்டாமல் இருக்க ஒரு தட்டும் வைத்தோம். பெரும்பாலான டிராக்டர் டிரெய்லர்களில் இருப்பதைப்போல் இதிலும் பிரேக் இல்லை. ஆகவே வேகத்தைக் குறைப்பதும் பாரத்தைக் குறைப்பதும் தவிர வேறு வழியில்லை என்று தம்பி ஒப்புக்கொண்டான். பின்னால் விளக்கும், இரவில் ஒளிரும் பட்டைகளும் வைத்தோம்.

கடைசியாகப் பின்கதவு. முன்பு கேட்ட ஆறாயிரத்து ஐந்நூறு இப்போது ஏழாயிரத்து இருநூறாகியிருந்தது. இரட்டைத் தாழ், ஒவ்வொரு தாழுக்கும் ஒரு பூட்டு ஊசி. பத்தடிக்கு மேல் நீளமான கம்பி எதுவானாலும் வாங்கிய இடத்திலேயே வெட்டித்தான் ஏற்றுவது என்று தம்பி முடிவெடுத்தான். வெட்டுகின்ற கூலி அவன் லாபத்தில்தான் குறையும்.

எல்லாம் சேர்த்து முப்பத்து நாலாயிரம் ஆயிற்று. அதற்கு என் மனைவி தன் வளையல் இரண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை நான் கேட்கவில்லை. அவள் கொடுத்தாள் என்று மட்டும் எழுதுகிறேன். வளையல் மீண்டு வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. என் நாற்பதாயிரத்தில் இன்னும் ஒன்பதாயிரம் பாக்கி.

இந்தத் தொழிலில் எடை என்பது பெரும் சோதனை. நம் வீட்டுப் பெண்களிடம் பழைய பாத்திரத்தை எடுப்பவர் தராசைச் சற்று அழுத்தினால் யாருக்குத் தெரியும்? அளவையில் குறைப்போரைப் பற்றியே ஓர் அத்தியாயம் இறங்கியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவனின் தம்பி என்பதால், ஊர் அவனை இரு மடங்கு கூர்ந்து பார்க்கிறது. மின்தராசின் எண் விற்பவருக்குத் தெரியும்படிதான் அவன் வைக்கிறான். சகோதரிகளே, யாரிடம் விற்றாலும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டே விற்றுக்கொள்ளுங்கள். ஒரு சிறு காந்தத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செம்பும் பித்தளையும் அலுமினியமும் அதில் ஒட்டா. ஒட்டாததை இரும்பு விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தச் சிறுமி இப்போது ஓதி முடித்து மேல் வகுப்பு போய்விட்டாள். தையல் போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய ஓராண்டு வரை, தெருவில் டிராக்டர் ஓசை கேட்டால் ஓதுவதை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நகர்ந்து உட்காருவாள். நான் கவனிக்காததுபோல் இருப்பேன்.

சென்ற மாதம் அவள் தந்தை ஆள் அனுப்பினார். படகின் பழைய எஞ்சினைக் கொடுப்பதாகச் சொன்னார். தம்பியோடு நானும் போனேன். நாலு பேர் சேர்ந்து செயின் கப்பியில் தூக்கி ஏற்றினோம். சங்கிலி கட்டி முடிந்ததும் தம்பி கதவை மூடித் தாழிட்டான். அவள் தந்தை வந்து இரண்டு பூட்டு ஊசிகளையும் தம் கையால் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகுதான், "எடு" என்றார்.